பக்கத்து வீட்டுத் தேனீ

நியூயார்க் நகரச் சுகாதாரச் சட்டத்தில், வீட்டில் வளர்க்கக் கூடாத உயிரினங்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. சிங்கம், புலி, கரடி, முதலை, நச்சுப் பாம்பு என்று நீளும் அந்தப் பட்டியலில் 1999 முதல் தேனீயும் இருந்தது. ரூடி ஜூலியானி மேயராக இருந்த காலம் அது. விஷக் கொடுக்குள்ள பூச்சி எதுவானாலும் கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். குளவிக்கும் தேனீக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் ஒரு தேன்பெட்டி வைத்திருந்து பிடிபட்டால் 2,000 டாலர் வரை அபராதம்.

தடை வந்ததால் தேன்பெட்டிகள் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத மாடி மூலைகளுக்கு நகர்ந்தன. ஒளித்து வளர்த்தவர்களுக்குத் தேன் கிடைத்தது. ஊருக்குக் கிடைத்தது தொல்லை. தேனீக் கூட்டம் பிரிந்து பறந்து போய்ப் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தால், ‘அது என்னுடையது, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஆள் வரமாட்டார். பெட்டியில் நோய் கண்டால் அதிகாரியிடம் சொல்லவும் யாரும் துணியமாட்டார். இதற்கிடையில், 2009-ல் வாஷிங்டனில் வெள்ளை மாளிகைத் தோட்டத்திலேயே ஒரு தேன்பெட்டி வைக்கப்பட்டது. அதிபர் வீட்டில் பெருமையாக இருந்தது, அதே நாட்டின் மிகப் பெரிய நகரத்தில் குற்றமாக இருந்தது.

2010 மார்ச்சில் நகரச் சுகாதார வாரியம் தேனீக்கு மட்டும் தடையை நீக்கியது. கூடவே சில நிபந்தனைகளையும் வைத்தது. பெட்டி வைத்திருப்பவர் சுகாதாரத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடைகளை வெளியே எடுத்துப் பார்க்கக்கூடிய வகையில் பெட்டி இருக்க வேண்டும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். தெருவில் நடந்து போகிறவர்களுக்கு இடைஞ்சல் கூடாது. கூட்டம் பிரிந்து எங்காவது போய் அமர்ந்தால், உடனே போய்க் கவனிக்கும் பொறுப்பும் அவருடையதே.

அன்றைக்குக் கேள்வியே மாறியது. ‘தேனீ ஆபத்தானதா?’ என்று கேட்டுக்கொண்டிருந்த நகரம், ‘தேனீ வளர்ப்பவர் அக்கம்பக்கத்தாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர்?’ என்று கேட்கத் தொடங்கியது. முதல் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்குத்தான் அடிக்கணக்கிலும் எண்ணிக்கையிலும் விடை எழுத முடியும்.

வீட்டு விலங்குகளுக்கான சட்டம் எந்த ஊரிலும் ஓர் அடிப்படையில்தான் நிற்கிறது: உன்னுடையது உன் எல்லைக்குள் இருக்கட்டும். நாயைக் கட்டிப் போடலாம், மாட்டைத் தொழுவத்தில் அடைக்கலாம், கோழியைக் கூடையில் கவிழ்க்கலாம். தேனீயை என்ன செய்வது? உணவு தேடி அது சாதாரணமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் வரும். தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகும். நியூயார்க்கில் தடை நீங்கிய அதே 2010-ல், புரூக்ளினின் ரெட் ஹூக் பகுதித் தேன்பெட்டிகளில் அடைகள் செக்கச்செவேல் என்று சிவந்து போயின. அந்தப் பக்கத்தில் செர்ரிப் பழங்களைச் சாயமேற்றிய பாகில் ஊறவைக்கும் ஆலை ஒன்று இருந்தது. தேனீக்கள் பூக்களை விட்டுவிட்டு ஆலையின் பாகைச் சுமந்து வந்திருக்கின்றன! யார் வீட்டு வேலி, யார் ஆலைச் சுவர் என்பதெல்லாம் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே தேனீயைக் கட்டுப்படுத்தும் விதி என்று ஒன்று கிடையாது. பெட்டியை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது, எத்தனை வைப்பது என்று வளர்ப்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகளே உண்டு. இதை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதிகளில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் நகருடையது.

அந்த நகரத்தில் தேனீக்கான தடை 1879-ஆம் ஆண்டிலிருந்து இருந்தது. அப்போது அது பழத்தோட்டங்களின் ஊர். தேனீக்கள் பழங்களைத் தாக்கி நாசம் செய்கின்றன என்று நம்பினார்கள். உண்மையில் நல்ல பழத்தோலைத் துளைக்கும் அளவுக்குத் தேனீயின் வாய்க்கு வலுவில்லை. வெடித்த பழத்திலோ பறவை கொத்திய பழத்திலோ உட்கார்ந்து சாறு குடிக்கும், அவ்வளவுதான். தோட்டங்கள் போய் வீடுகள் வந்தன. தடை மட்டும் அப்படியே இருந்தது. மார் விஸ்டா என்னும் பகுதியின் குடியிருப்போர் மன்றமும் தேனீ ஆர்வலர்களும் தொடங்கிய முயற்சி ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2015 அக்டோபரில் நகர மன்றம் தனிவீட்டுப் பகுதிகளில் தேனீ வளர்க்க அனுமதித்தது.

விதிகள் இவை. மனையில் 2,500 சதுர அடிக்கு ஒரு பெட்டி. நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்றே கூடுதல். மனையின் எல்லைக் கோட்டிலிருந்து 5 அடியும், பொதுத் தெருவிலிருந்து 20 அடியும் தள்ளியே பெட்டி இருக்க வேண்டும். தரையில் வைத்தால் சுற்றிலும் 6 அடி உயரத்துக்குச் சுவரோ வேலியோ செடி மறைப்போ வேண்டும். இல்லையென்றால் பெட்டியையே தரையிலிருந்து 8 அடி உயரத்தில் வைக்க வேண்டும். மனைக்குள்ளேயே தண்ணீர் வைக்க வேண்டும். மாவட்ட வேளாண் ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும்.

இந்த 6 அடி எங்கிருந்து வந்தது? கூட்டு வாசலிலிருந்து கிளம்பும் தேனீ செங்குத்தாக மேலே எழுவதில்லை. சாய்வாக, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து போகும். திரும்பி வரும்போதும் அப்படித்தான் தாழ்ந்து வரும். பெட்டிக்கு முன்னால் வெட்டவெளியாக இருந்தால், ஆயிரக்கணக்கான தேனீக்களின் வழித்தடம் பக்கத்து வீட்டு முற்றத்தில் ஆள் முகத்துக்கு நேராக அமையும். துணி காயப்போட வருகிறவர் அந்தத் தடத்தில் குறுக்கிடுகிறார், தலைமுடியில் ஒரு தேனீ சிக்குகிறது, பதறித் தட்டுகிறார், கொட்டுகிறது. நடுவில் ஆறடி மறைப்பு ஒன்று இருந்துவிட்டால் தேனீ அதைத் தாண்ட உயரே ஏறியாக வேண்டும். ஏறிய பின் மீண்டும் தலைமட்டத்துக்கு இறங்க அதற்குக் காரணமில்லை. நம் தலைக்கு மேலேயே போய்விடும். ஒரு செம்பருத்தி வேலி தீர்க்கக்கூடிய சண்டை இது. பிரான்சின் ஊரகச் சட்டத் தொகுப்பும் இதே அறிவைத்தான் கொண்டிருக்கிறது: இரண்டு மீட்டர் உயரத்துக்கு இடைவெளியில்லாத சுவரோ வேலியோ இருந்து, அது பெட்டியின் இருபுறமும் இரண்டு மீட்டர் நீண்டிருந்தால், அண்டை நிலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கே தேவையில்லை என்கிறது.

தண்ணீர் விதிக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. குஞ்சுகள் வளரும் அடைப்பகுதியைத் தேனீக்கள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்கும். வெளியே அதற்கு மேல் சுட்டால், தண்ணீரைக் கொண்டு வந்து அடைமீது பூசி, இறக்கைகளால் விசிறி, கூட்டைக் குளிர்விக்கும். கடும் கோடையில் ஒரு பெரிய கூட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரையிலும் தண்ணீர் வேண்டியிருக்கும். அதை எங்கே எடுக்கும்? முதலில் கண்ட இடத்தில். ஒரு முறை ஓர் இடத்தைப் பழகிக்கொண்டால் நாள்தோறும் அங்கேயே போகும். பிறகு நாம் வேறிடத்தில் தொட்டி வைத்தாலும் எளிதில் திரும்பாது. லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுக்கு வீடு நீச்சல் குளம். நூறு தேனீக்கள் தினமும் வந்து இறங்கும் குளத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எப்படிக் குதிப்பார்கள்? அதனால்தான் தண்ணீர்த் தொட்டி பெட்டி வருவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். தேனீ மூழ்காமல் நின்று குடிக்கக் கூழாங்கல்லோ மரத்துண்டோ அதில் கிடக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் தேனீ மீதுள்ள அச்சத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1956-ல் பிரேசிலுக்கு ஆப்பிரிக்கத் தேனீக்களை ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு சில கூட்டங்கள் தப்பிப் பறந்தன. உள்ளூர்த் தேனீக்களோடு கலந்து, சிறு சீண்டலுக்கும் பெருங்கூட்டமாகத் துரத்தும் குணத்தோடு வடக்கு நோக்கிப் பரவின. 1990-ல் டெக்சாஸ் எல்லைக்கும், 1994-ல் கலிபோர்னியாவுக்கும் வந்து சேர்ந்தன. இதைக் காட்டித்தான் தடை நீடிக்க வேண்டும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் குடியேறும் காட்டுக் கூட்டத்தின் குணத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பெட்டியில் இருக்கும் கூட்டம் முரட்டுத்தனம் காட்டினால் வளர்ப்பவர் ராணித் தேனீயை மாற்றலாம். புது ராணியின் பிள்ளைகள் வளர்ந்ததும், சில வாரங்களில் கூட்டத்தின் குணமே மாறிவிடும். ஆப்பிரிக்கக் கலப்புக்கு எதிராகப் பொறுப்பான வளர்ப்பாளர் ஒருவர் தெருவில் இருப்பது நல்லதுதான்.

எல்லா ஊரும் இப்படி நுணுகிப் பார்ப்பதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துத் தேனீச் சட்டம் நெடுங்காலமாகத் தூரத்தையே நம்பியிருக்கிறது: குடியிருப்போ பூங்காவோ சமூகக் கூடமோ உள்ள நிலத்தின் எல்லையிலிருந்து 30 மீட்டர் தள்ளித்தான் பெட்டி வைக்கலாம். பண்ணை நிலத்துக்கு இது சரி. தமிழர்கள் திரளாக வாழும் ஸ்கார்பரோவில் ஒரு சாதாரண வீட்டின் பின்முற்றத்தில் நான்கு பக்கமும் முப்பது மீட்டர் விட முடியுமா? தடை என்ற சொல்லே இல்லாமல் தடை செய்துவிடும் விதி இது. டொராண்டோவில் ஒரு பெரிய ஹோட்டல் 2008-லேயே தன் கூரையில் தேன்பெட்டிகள் வைத்துப் புகழ் பெற்றது. சின்ன முற்றம் உள்ளவருக்கு அந்த வழியில்லை. சுவரின் உயரத்தைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் அளக்கும் விதி, ஏழை எளிய வளர்ப்பாளரையே முதலில் வெளியேற்றுகிறது.

இனி, பிரிந்து போகும் கூட்டத்துக்கு வருவோம். நியூயார்க்கில், 2018 ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரு பிற்பகல். டைம்ஸ் சதுக்கத்தின் ஹாட் டாக் வண்டி ஒன்றின் குடைமீது ஆயிரக்கணக்கான தேனீக்கள் வந்து அப்பிக்கொண்டன. போலீசார் அந்த இடத்தை மறித்துக் கயிறு கட்டினார்கள். நியூயார்க் காவல் துறையில் தேனீப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் முகவலை அணிந்து வந்து, உறிஞ்சுக் குழாயால் அவற்றைப் பத்திரமாகச் சேகரித்துக் கொண்டுபோனார். உலகமெங்கும் தொலைக்காட்சிகளில் அது செய்தியானது.

கூட்டம் பிரிவது தேனீயின் இனப்பெருக்கம். கூட்டில் இடம் நெருக்கடியானதும், புது ராணி வெளிவரும் முன்பே பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். போகும் வழியில் ஒரு கிளையிலோ கம்பத்திலோ தற்காலிகமாகத் தங்கும்; அங்கிருந்து துப்புத் தேனீக்கள் புது இடம் தேடப் போகும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், தேனீயின் வாழ்வில் அது சாந்தமான நேரம். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கும். காவல் காக்கக் குஞ்சோ அடையோ அங்கே கிடையாது. சீண்டாமல் விட்டால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ போய்விடும்.

ஆனால் அந்த இடைவேளையில் அது யாருடைய சொத்து? இந்தக் கேள்விக்குச் சட்டம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகப் பதில் எழுதி வருகிறது. 533-ல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்டநூல், தேனீ இயல்பால் காட்டுயிர் என்கிறது. உங்கள் மரத்தில் வந்து அமர்ந்தது என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது; பெட்டியில் அடைத்தால்தான் ஆகும். உங்கள் கூட்டிலிருந்து பிரிந்த கூட்டம் உங்கள் கண் பார்வையில் இருந்து, துரத்திப் பிடிக்க முடிகிறவரை உங்களுடையது. 1900-ல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடிமைச் சட்டம் இதை இன்னும் விரித்து, தேனீக் கூட்டத்துக்கென்றே தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது. அவை இன்றும் செல்லும். பறந்துபோன கூட்டத்தை உரிமையாளர் தாமதிக்காமல் துரத்த வேண்டும். கைவிட்டால் உரிமை போய்விடும். துரத்தும்போது அடுத்தவர் நிலத்துக்குள் கேட்காமலே நுழையலாம். சேதம் ஏற்பட்டால் ஈடு கட்ட வேண்டும். இரண்டு பேருடைய கூட்டங்கள் பறக்கும்போதே ஒன்றாகக் கலந்துவிட்டால் இருவரும் கூட்டு உரிமையாளர்கள். சட்டம் எழுதியவர்களில் யாரோ தேனீயைத் துரத்தி ஓடியவராகத்தான் இருந்திருக்க வேண்டும்!

பதிவு செய் என்றால் பலருக்கு எரிச்சல் வருகிறது. ஒரே ஒரு பெட்டிக்கு எதற்கு அரசாங்கக் காகிதம்? ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் அதற்கு விடை தெரிந்தது. உலகத் தேனீக்களையெல்லாம் வாட்டும் வரோவா என்னும் ஒட்டுண்ணி உண்ணி, அதுவரை அந்த நாட்டில் காலூன்றாமல் இருந்தது. நியூகாசில் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தாலும் பதிவு கட்டாயம். அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். உண்ணி கண்ட இடங்களைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த பெட்டிகளை அழித்தார்கள். ஆசைக்கு ஒன்றிரண்டு பெட்டி வைத்திருந்தவர்கள் அழுதபடி ஒப்படைத்தார்கள். பல்லாயிரம் கூட்டங்கள் அழிந்தும் 2023 செப்டம்பரில், இனி ஒழிக்க முடியாது, சமாளித்து வாழ்வதுதான் வழி என்று முடிவெடுக்க நேர்ந்தது. இருந்தாலும் அந்தப் பதினைந்து மாதங்களில் மற்ற மாநிலங்கள் தயாராக நேரம் கிடைத்தது. பதிவேடு இல்லாத ஊரில் அந்த அவகாசமும் கிடைத்திருக்காது.

எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டுமா என்பது இப்போது சூடாகியிருக்கும் விவாதம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துக்குச் சட்டம் வகுத்த சோலோன், ஒருவர் புதிதாகத் தேன்கூடு வைத்தால் இன்னொருவரின் கூட்டிலிருந்து 300 அடி தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று விதித்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பூ குறைவு, வாய் அதிகம் என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2020-ல் வெளியிட்ட அறிக்கை அதே கவலையை எழுப்பியது: நகரில் தேன்பெட்டிகள் பெருகிப் பூக்கள் போதாமல், தனியே வாழும் காட்டுத் தேனீ இனங்கள் பட்டினிக்குத் தள்ளப்படுகின்றன. இங்கிலாந்தில் ஒருவர் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வைக்கலாம், பதிவும் கட்டாயமில்லை. ‘தேனீயைக் காப்போம்’ என்று நிறுவனங்கள் கூரைக்குக் கூரை பெட்டி ஏற்றுவது நல்லெண்ணம்தான். ஆனால் பெட்டித் தேனீ அழிவின் விளிம்பில் இல்லை. அதை வளர்க்க ஆள் இருக்கிறது. காட்டுத் தேனீக்கு வேண்டியது பெட்டியல்ல, பூச்செடி.

தேனீ கொட்டி ஒவ்வாமை ஏற்படுகிறவர்களை மறந்துவிட்டு இதைப் பேசுவது நியாயமில்லை. சிலருக்கு ஒரே கொட்டில் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகும். அப்படி ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறாரா என்று பெட்டி வைப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது, எந்த விதியும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம். தேனீ என்று சொல்லப்படும் பல கொட்டுகள் குளவியுடையவை என்பது உண்மைதான். பயந்திருக்கும் தாயிடம் அதைச் சொல்லி வாதாடுவதால் பயன் இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டுத் தேனீ புதிதல்ல. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் தலைமையில் மார்த்தாண்டத்தில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தேன்பெட்டியை இன்றைய குமரி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களுக்குள் கொண்டுவந்தது. நியூட்டன் என்ற பாதிரியார் நம் அடுக்குத் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்த சிறிய பெட்டி இன்றும் அவர் பெயரிலேயே புழங்குகிறது. மத்திய அரசின் தேனீ வளர்ப்புத் திட்டமும் 2021-ல் தொடங்கிய ‘மதுகிராந்தி’ பதிவுத் தளமும் தொழிலாக வளர்ப்பவர்களை மனத்தில் வைத்தவை. குடியிருப்புத் தகராறு என்று வந்தால் நம்மிடம் இருப்பது பொதுச் சட்டம். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்க அலட்சியமாகத் தவறினால் தண்டனையும் உண்டு. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘விலங்கு’ என்பது மனிதன் அல்லாத எந்த உயிரையும் குறிக்கும் என்பதால் தேனீயும் அதற்குள் அடங்கும். இரண்டும் தொல்லையோ அலட்சியமோ தலைகாட்டிய பிறகே வேலை செய்யும் சட்டங்கள். கொட்டாமலிருக்க மறைப்பு எத்தனை அடி, தண்ணீர் எங்கே என்பதை முன்கூட்டிச் சொல்லும் உள்ளாட்சி விதிகள்தான் கோவைக்கும் மதுரைக்கும் தேவைப்படும்.

அவற்றை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அப்படியே எடுத்துவிடவும் முடியாது. அங்கே பெட்டியில் இருப்பது ஐரோப்பியத் தேனீ. நம் அடுக்குத் தேனீயின் கூட்டம் சிறியது, பெரும்பாலும் சாதுவானது. ஆனால் மனம் வைத்தால் கூட்டையே காலி செய்துவிட்டுப் போய்விடும், கூட்டம் பிரிவதும் அதிகம். ஆகவே இங்கே வேலி உயரத்தைவிட, பிரிந்த கூட்டத்தை வந்து எடுக்க ஆள் யார் என்ற ஏற்பாடு முக்கியம். அடுக்குமாடிகளின் சன் ஷேடிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும் பெரிய ஒற்றை அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீயோ எந்தப் பெட்டி விதிக்கும் அடங்காது. அதை யாரும் வளர்ப்பதில்லை, பெட்டியில் அடைக்கவும் முடியாது. கலைத்தால் கூட்டமாக, வெகுதூரம் துரத்தும். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் இனம் என்பதால், பூக்காலம் முடிந்ததும் அடையை விட்டுத் தானே கிளம்பும். ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில் கட்டியிருந்தால் காத்திருக்கலாம். இரவில் வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வரும் என்பதால் அந்தப் பக்க விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி வைக்க வேண்டும். மாடிப்படிக்கோ பள்ளிக்கோ பக்கத்தில் என்றால் புகை போடுவதையும் கல் எறிவதையும் விட்டுவிட்டு, தீயணைப்பு நிலையத்தையோ தேன் எடுக்கத் தெரிந்தவரையோ அழைக்க வேண்டும்.